கோடையில் ஆயர்களையும் பாடகர் குழுவினரையும் 3 நாள் சேர்த்து உட்கார வைப்பது எப்படி? (வடசென்னை)

தண்டையார்பேட்டை ஆல்டோ:

எல்லோருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 16 வருடமாக ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறேன், கடந்த 4 வருடமாகக் குழுவை நடத்துகிற பொறுப்பும் என் மேல்தான். வருகிற மே மாதம் வடசென்னைச் சபைகளில் பாடுகிறவர்கள், கீபோர்டு, கிட்டார், தபேலா வாசிக்கிறவர்கள், அவர்களோடு அந்தந்த சபை ஆயர்கள், எல்லோரையும் 3 நாள் ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைக்க வேண்டும் என்று 2 சபைகளைச் சேர்ந்த நாங்கள் 5 பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்படி ஒன்றை நடத்திய அனுபவம் எங்கள் யாருக்கும் இல்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஏன் ஆயர்களும் வர வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். 2 வருடத்துக்கு முன்னால் ஒரு சபையில் பாடகர்களுக்கு மட்டும் பயிற்சி நடந்தது, போயிருந்தோம். மூச்சை எங்கே எடுப்பது, நான்கு குரலில் பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் குரலை எப்படிக் கேட்பது, நிறையக் கற்றுக்கொண்டோம். திரும்பி வந்த உற்சாகத்தில் ஒரு பாட்டை 3 வாரம் பயிற்சி செய்தோம். கைதட்டிப் பாடும் துதிப் பாட்டு. அந்த ஞாயிறு காலை ஆராதனை தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது ஆயர் வந்து, அம்மா இன்றைக்கு இந்தப் பாட்டு வேண்டாம், என் பிரசங்கத்துக்குப் பொருந்தாது என்றார். பிள்ளைகள் முகம் விழுந்துவிட்டது, ஒரு பையன் கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்றைக்குப் பிரசங்கம் துன்பத்தைப் பற்றிப் பேசுகிற யோபுவின் புத்தகத்தில் இருந்து. அந்த வாரம் எங்கள் சபையில் ஒரு இளம் தகப்பன் இறந்திருந்தார், அவருடைய மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆயர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அவருக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும், எதைப் பாடப் போகிறோம் என்று எங்களுக்கு 3 வாரமாகத் தெரியும், நடுவில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பாடகர்களுக்கு மட்டும் இன்னொரு பயிற்சி நடத்தினால் இது மாறாது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை: மே மாதத்தில் எந்த நாட்கள் சரிப்படும், ஆயர்களை எப்படி வரவைப்பது, வந்தவர்களை 3 நாளும் என்ன செய்ய வைப்பது. கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே நண்பர்களையும் கூப்பிடலாமா, கூப்பிட்டால் ஆராதனையை எந்த முறைப்படி நடத்துவது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பெரிய பணம் கிடையாது. சபை ஹாலும் ஒரு மிக்ஸரும் இருக்கின்றன.

ஓய்வு பெற்ற ஆயர், பெரம்பூர்:

மகளே, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். 31 வருடம் ஆயராக ஊழியம் செய்தவன் நான். நீங்கள் சொன்ன ஆயரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

நான் படித்த இறையியல் கல்லூரியில் கிரேக்கம் சொல்லித் தந்தார்கள், எபிரெயம் சொல்லித் தந்தார்கள், பிரசங்கத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கச் சொல்லித் தந்தார்கள். ஒரு சபையைப் பாட வைப்பது எப்படி என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. ஊழியத்துக்கு வந்த பிறகு சனிக்கிழமை எப்படிப் போகும் என்றால், காலையில் ஒரு திருமணம், மதியம் மருத்துவமனையில் ஒருவரைப் பார்க்க வேண்டும், சாயங்காலம் வீட்டு ஜெபம், இதற்கு நடுவில் ஒரு அடக்கம் வந்தால் அதுவும். இரவு 10 மணிக்குப் பாடகர் குழுத் தலைவர் போன் செய்து, அய்யா நாளைக்கு என்ன பாட்டு என்று கேட்பார். ஏதாவது நல்லதாகப் பாடுங்கள் என்பேன். அந்த ஒரு வார்த்தையை எத்தனை சனிக்கிழமை சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, ஆயர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். பலருக்குப் பாட வராது, அது அவர்களுக்கு வெட்கம். ஆராதனை முறைமையில் ஆயர் ஒரு வரி பாட, சபை பதில் பாட வேண்டிய இடங்கள் இருக்கின்றன அல்லவா, சுருதி தப்பிவிடும் என்று பயந்து அவற்றை வசனமாக வாசித்துவிடுவார்கள். இசைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்தால் இது தெரிந்துவிடுமே என்று கூட்டத்துக்கு வராமல் இருப்பவர்களும் உண்டு. எனவே முதல் நாள் முதல் மணி நேரம் ஆயர்களைத் தனியாக ஒரு அறையில் வைத்து, பொறுமையான ஒருவர் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து, மூன்று சுரத்துக்குள் அடங்குகிற அந்தச் சின்ன வரிகளைப் பழக்கட்டும். அந்த மூன்று சுரம் பிடிபட்டுவிட்டால் அப்புறம் அவர்களே பாட ஆரம்பிப்பார்கள். எனக்கு அது 50 வயதுக்கு மேல்தான் பிடிபட்டது.

ஒரு விதி போடுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒரு சபையில் இருந்து ஆயரும் இசைக்காரரும் ஜோடியாக வந்தால்தான் பதிவு. ஆயர் வரவில்லை, நாங்கள் 6 பேர் வருகிறோம் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஆட்கள் குறைவார்கள், 12 சபைகள் வந்தாலே போதும்.

நாட்களைப் பொறுத்தவரை திங்கள், செவ்வாய், புதன். திங்கள்தான் ஆயர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடுகிற நாள், அதைக் கேட்கிறோம் என்ற நன்றியோடு கேளுங்கள். சில சபைகளில் ஆயர் மாற்றலும் கோடையில்தான் வரும், பெட்டி கட்டுகிற வாரத்தில் யாரும் வர மாட்டார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். பேராயர் அலுவலகத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் பாதி வேலை முடிந்தது. சிஎஸ்ஐ ஆயர்களுக்கு இது பொருந்தும், மற்றவர்களை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும்.

அவர்களை என்ன செய்ய வைப்பது என்று கேட்டீர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் வரப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையின் பாடங்களைக் கொடுங்கள். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம், சங்கீதம். 40 நிமிடம். தொடக்கம், பிரசங்கத்துக்கு முன், காணிக்கை, திருவிருந்து, முடிவு என்று 5 பாட்டு தேர்ந்தெடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்ல வேண்டும். அதில் ஒரு நிபந்தனை: பாடங்களை இசைக்காரர் சத்தமாக வாசிக்க வேண்டும், தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பாட்டிலும் ஒரு அடியை ஆயர் பாட வேண்டும். நான் இதை ஒரே ஒரு சபையில், என் கடைசி 5 வருடத்தில், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் செய்தேன். முதல் மாதம் சண்டை வந்தது. அதற்கப்புறம் என் பிரசங்கமே மாறிவிட்டது, ஏனென்றால் செவ்வாய்க்கிழமையே அந்த வசனத்தை ஒரு 22 வயதுப் பெண் தன் குரலில் வாசித்து, இதற்கு என்ன அர்த்தம் அய்யா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவாள்.

கீபோர்டு வாசிப்பவன், கொளத்தூர்:

அய்யா சொன்ன ஜோடி விதி எனக்கும் பிடித்திருக்கிறது. நான் இசைப் பக்கத்துக் குறைகளைச் சொல்கிறேன்.

முதல் குறை சுருதி. ரெக்கார்டிங்கில் பாடியவர் தேர்ந்த பாடகர், அவர் மேல் ஸ்தாயியில் எஃப் வரைக்கும் சுலபமாகப் போவார். அதே கீயில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு வாசிக்கிறோம். சபையில் இருக்கிற அப்பாக்கள் டி தாண்டினால் வாயை மூடிவிடுவார்கள், ஒன்று நிறுத்துவார்கள், இல்லையென்றால் கீழ் ஸ்தாயிக்குப் போய் முணுமுணுப்பார்கள். டிரான்ஸ்போஸில் மைனஸ் 3 போட்டால் அந்த எஃப் டி ஆகிவிடும், ஒரு பட்டன்தான். ஆனால் லீட் பாடுகிறவருக்குக் கீழே இறங்கினால் குரல் பளிச்சென்று இருக்காது, அதனால் விடமாட்டார். இந்தச் சண்டை எல்லா சபையிலும் உண்டு. உங்கள் கூடுகையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், 10 பாட்டை எடுத்து, ஆயர்களையும் சும்மா வந்த பெரியவர்களையும் பாட வைத்து, எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், எல்லோரும் வாய் திறக்கிறார்கள் என்று காதால் கேட்டு எழுதிக்கொண்டு போகட்டும். அந்தக் கட்டை எழுதிய தாளை ஒவ்வொரு கீபோர்டிலும் ஒட்டி வைத்தாலே பாதிப் பிரச்சனை தீரும். நம்மில் பாதிப் பேருக்கு 2 கட்டை என்றால்தான் புரியும், மீதிப் பேருக்கு டி என்றால்தான் புரியும், எனவே இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது சத்தம். பழைய கோயில்களில் கூரை உயரம், சுவர் கல், ஒரு சொல் சொன்னால் அது சுற்றி வர நேரம் எடுக்கும். அங்கே டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஹாலில் வாசிக்கிற மாதிரி வாசித்தால் வார்த்தை ஒன்றும் காதில் விழாது. ஆயருக்குத் தலைவலி, பெரியவர்களுக்குக் கோபம், வாசிக்கிற பையன்களுக்கோ தங்களை யாரும் மதிக்கவில்லை என்ற எண்ணம். மூன்றாம் நாள் யாராவது ஒரு சவுண்டு தெரிந்தவரைக் கூப்பிட்டு, ஆயரை மிக்ஸர் முன்னால் உட்கார வைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கீழ் அலைவரிசையைக் குறைத்தால் பேச்சு எப்படித் தெளிகிறது என்று அவர் காதாலேயே கேட்டுவிட்டால், அப்புறம் சத்தத்தைக் குறை என்று சொல்லாமல் பேஸைக் குறை என்று சொல்வார். அந்தப் பையனுக்கு அது மரியாதையாக இருக்கும்.

லைவ் போடுகிற சபைகள் இப்போது அதிகம் என்பதால் இதையும் பேசுங்கள். உண்மையான சமயச் சடங்கின் போது பாட்டுப் பாடுவது, இசைப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் வருடச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. பாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து விற்பது அந்த விலக்குக்குள் வராது, யூடியூபில் வீடியோவாக விட்டு வைப்பதையும் அதே கணக்கில் சேர்த்துவிட முடியாது. எழுதியவர் இறந்து 60 வருடம் கடந்த பாட்டுக்கு இந்தக் கவலை இல்லை, நம்முடைய பழைய கீர்த்தனைகளில் பெரும்பாலானவை அப்படித்தான்.

நாள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். மே மாதம் முகூர்த்தம் அதிகம், கீபோர்டு வாசிக்கிறவர்கள் பலருக்குக் கல்யாணம், ரிசப்ஷன்தான் வருமானம். திங்கள் முதல் புதன் சரி, அதிலும் முகூர்த்த நாள் பார்த்துத் தள்ளுங்கள்.

காசிமேடு சோப்ரானோ:

ஆல்டோ அக்கா, நாங்கள் கத்தோலிக்கப் பங்கு, கூப்பிட்டால் நிச்சயம் வருவோம். எங்கள் பங்குத்தந்தையிடம் நான் பேசுகிறேன்.

நாட்களைப் பற்றி எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். எங்கள் குழுவில் டெனரும் பேஸும் (ஆண்களின் மேல்குரலும் கீழ்க்குரலும்) பாடுகிற அண்ணன்மார் எல்லோரும் படகுக்குப் போகிறவர்கள், வருடத்தில் அவர்கள் மூன்று நாள் தொடர்ந்து கரையில் இருக்கிற காலம் அதுதான். கையில் காசு இருக்காது, ஆனால் நேரம் இருக்கும். எனவே கட்டணம் வைக்காதீர்கள், வைத்தால் அவர்கள் வெட்கப்பட்டு வரமாட்டார்கள். தடைக்காலம் முடிந்தால் ஒருவரும் கிடைக்க மாட்டார்கள், அதோடு ஜூன் 29 புனித இராயப்பர், சின்னப்பர் திருநாள், இராயபுரத்துக்கு அந்தப் பெயரே இராயப்பரால் வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள், அதற்கான பயிற்சி நடந்துகொண்டிருக்கும்.

எங்கள் பக்கத்தில் 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டிலேயே, மக்கள் எல்லோரும் பங்கெடுத்துப் பாட வேண்டும், குருமடங்களில் இசைப் பயிற்சிக்கு மிகுந்த முக்கியத்துவம் தர வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஃபாதர்கள் பலர் நன்றாகப் பாடுவார்கள். ஆனாலும் பதிலுரைப் பாடலில் இன்னும் தடுமாறுகிறோம். வாசகத்துக்குப் பதிலாகச் சபை பாட வேண்டிய திருப்பாடல் அது, அதை எடுத்துவிட்டுத் தெரிந்த ஏதோ ஒரு பாட்டைப் போட்டுவிடுகிறோம், ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பாடல் மாறும், மூன்று வருடச் சுழற்சி, பயிற்சிக்கு நேரம் இல்லை. நான்கைந்து எளிய மெட்டு, எந்தத் திருப்பாடலையும் அதில் உட்கார வைக்கலாம் என்கிற மாதிரி யாராவது சொல்லித் தந்தால் எங்கள் பங்குக்கு அது பெரிய உதவி. உங்கள் சபைகளில் சங்கீதத்தை மாற்றி மாற்றி வாசிக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்கும் அது பயன்படும்.

ஆராதனை முறையைக் கேட்டீர்கள் அல்லவா, பொது வழிபாட்டுக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிர்வது) வைக்காதீர்கள். நாங்கள் உங்களோடு அதை வாங்க முடியாது, நீங்கள் எங்களோடு வாங்க முடியாது, மூன்று நாள் சேர்ந்து பாடிவிட்டுக் கடைசியில் அந்த இடத்தில் பிரிந்து நிற்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். காலையும் மாலையும் திருப்பாடல், ஒரு வாசகம், மன்றாட்டு, அமைதி. எல்லோருக்கும் அது பொது. தாளில் அச்சடிக்கும்போது மட்டும் கவனம்: நீங்கள் கர்த்தர் என்பீர்கள், நாங்கள் ஆண்டவர் என்போம், நீங்கள் பரிசுத்த ஆவி, நாங்கள் தூய ஆவி. பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பாதிப் பேர் ஒன்றும் பாதிப் பேர் வேறொன்றும் பாடுவார்கள். ஒரு நாள் உங்கள் வார்த்தை, ஒரு நாள் எங்கள் வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடகர் குழுவில் முக்கால்வாசி பெண்கள், அதில் பாதிப் பேருக்குச் சின்னப் பிள்ளைகள். மே மாதம் எல்லா ஹாலிலும் விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும், அந்த வாரத்திலேயே வைத்தால் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அம்மாக்கள் பாடலாம். ஹால் இரண்டு வேண்டியிருக்கும். கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும், சாயங்காலம் 5 மணிக்கு முடித்துவிட வேண்டும், இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெண்கள் வருவார்கள். எண்ணூர்ச் சாலையில் கண்டெய்னர் லாரி நிற்க ஆரம்பித்தால் பஸ் நகராது, எனவே மெட்ரோ பக்கத்தில் இடம் பாருங்கள். விம்கோ நகரில் இருந்து வருகிறவர்களுக்கும் அது வசதி.

வியாசர்பாடி பறை:

இந்தப் பேச்சில் நான் எழுதலாமா என்று 2 நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். பறை அடிப்பேன், கானா பாடுவேன். அம்மா காலத்தில் இருந்தே சபைக்குப் போகிறோம். எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் இரவெல்லாம் பாடுகிறோம், இறந்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செய்தார் என்று அங்கேயே கட்டிப் பாடுவோம், விசுவாசி வீடாக இருந்தால் அதில் இயேசுவும் வருவார், உயிர்த்தெழுதலும் வரும். விடியற்காலம் 3 மணிக்கு அந்தப் பாட்டைக் கேட்டு அழுகிற அம்மாவை நான் பார்த்திருக்கிறேன். அதே அம்மா ஞாயிறு அன்று ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்களுக்கு இசை தெரியாது என்று யாராவது சொன்னால், இந்த அம்மாவை நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு சபையில் கிறிஸ்துமஸ் பவனிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தெருத் தெருவாக அடித்துக்கொண்டு, வாசல் வரை கூட்டத்தைக் கொண்டுபோய் விட்டோம். வாசலில் தண்ணீரும் கேக்கும் கொடுத்தார்கள். உள்ளே கீபோர்டோடு ஆராதனை தொடங்கியது, பறை வாசலிலேயே நின்றது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அப்படி உள்ளே கொண்டுபோகலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தோலைத் தொட்டவர்கள் யார், அதை ஏன் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள் என்று தெரியும். சபைக்குள்ளும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

மதுரை அரசரடியில் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு அய்யா, பரட்டை என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், 2005இல் காலமானார். நாட்டுப்புற மெட்டில் ஆராதனை முறைமையையே அமைத்தவர், ஆயர் ஆகப் போகிறவர்கள் பறையோடும் கிராமத்து மெட்டோடும் பழக வேண்டும் என்று உழைத்தவர். பாட்டை மக்கள் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் பாடலாம், அப்படி மாற்ற முடிந்தால்தான் அது அவர்களுடைய பாட்டு என்பார். ஒரே உலை என்று ஒரு வார்த்தை அவரிடம் உண்டு. பல வீட்டு அரிசியும் ஒரே உலையில் வெந்து எல்லோரும் அதில் இருந்து சாப்பிடுவது, திருவிருந்து என்றால் அதுதான் என்று சொல்லித் தந்தார். அவரிடம் படித்த ஆயர்கள் இன்றைக்கும் ஊழியத்தில் இருக்கிறார்கள், சென்னையில் யாராவது இருந்தால் தேடிப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

என் வேண்டுகோள் இரண்டுதான். எங்களைக் கடைசி நாள் சாயங்காலம் கலை நிகழ்ச்சி என்று போடாதீர்கள். முதல் நாள் காலை, முதல் வழிபாட்டில், உள்ளே வையுங்கள். இரண்டாவது, ஆயர்களும் நீங்களும் குச்சியைக் கையில் பிடித்து ஒரு அடி கற்றுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்தில் நான் சொல்லித் தருகிறேன், பணம் வேண்டாம். தோல் காய்ச்சத் திறந்த இடம் வேண்டும், கொஞ்சம் வைக்கோலோ பழைய பேப்பரோ போதும். கடற்கரைக் காற்று ஈரம், மதியம் கடல்காற்று உள்ளே வர ஆரம்பித்தால் தோல் தொங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். ஏசி ஹாலில் இருந்து வெளியே எடுத்து வந்தாலும் அப்படித்தான் ஆகும். தபேலாக்காரர்களுக்கும் இது தெரியும்.

கீபோர்டு வாசிப்பவன், கொளத்தூர்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் பதில் போட முடியவில்லை. எங்கள் சபையில் எலக்ட்ரானிக் பேடில் பறைச் சத்தத்தை வைத்துத் தட்டுகிறோம், தெருவில் பறை அடிக்கிற பையன்கள் 2 பேர் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இந்த ஞாயிறு பேசுகிறேன்.

ஓய்வு பெற்ற ஆயர், பெரம்பூர்:

தம்பி சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டியவன். என் சபையிலும் பறை வாசல் வரைதான் வந்தது.

கோடையில் கூடுவது நமக்குப் புதிதும் இல்லை. 1912 மே மாதத்தில் ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் இசைவாணர்களைக் கூட்டி மாநாடு நடத்தினார், தன் சொந்தச் செலவில். அவர் சித்த மருத்துவர், கிறிஸ்தவர், கீர்த்தனைகள் இயற்றியவர். சுருதி எத்தனை என்று நாள் கணக்கில் வாதாடினார்கள், அடுத்த வருடங்களிலும் கூடினார்கள், அந்த ஆராய்ச்சி எல்லாம் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலாக வந்தது. மின்விசிறி இல்லாத காலத்தில், தஞ்சாவூர் வெயிலில். நமக்கு ஒரு ஹாலும் மிக்ஸரும் இருக்கின்றன.

தண்டையார்பேட்டை ஆல்டோ:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று 5 பேரும் உட்கார்ந்து இதையெல்லாம் படித்தோம், சில விஷயம் முடிவு செய்திருக்கிறோம்.

மே மூன்றாவது வாரம், திங்கள் முதல் புதன், முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்துவிட்டோம். கத்திரி வெயில் நடுவில்தான் வருகிறது, வேறு வழியில்லை, காலை 8 மணிக்குத் தொடங்கி 12 மணிக்குள் குரல் வேலையை முடித்துவிடுகிறோம், மதியம் உட்கார்ந்து செய்கிற வேலை, 5 மணிக்கு வீடு. ஜோடி விதி உறுதி. எங்கள் ஆயரிடம் முதலில் பேசினேன், அந்த யோபு ஞாயிற்றைப் பற்றியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், அன்றைக்கு உங்களிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் அம்மா, எனக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது என்றார். முதல் ஜோடியாக நாங்கள் இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். கிட்டார் பையனையும் கூப்பிட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

திருவிருந்து இல்லை, காலை மாலை சங்கீதம். திங்கள் காலை முதல் வழிபாட்டில் பறை, உள்ளே, பீடத்துக்குப் பக்கத்தில். வியாசர்பாடி அண்ணா, நீங்கள்தான் தொடங்கி வைக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஜோடியும் வீட்டில் இருந்து அரை கிலோ அரிசி கொண்டு வரட்டும், ஹாலுக்குப் பின்னால் ஒரே பாத்திரத்தில் சமைப்போம், முதல் நாள் சாம்பார் சாதம், மறுநாள் தக்காளி சாதம், புதன்கிழமை மட்டும் பிரியாணி. மோர் எங்கள் சபைப் பெண்கள் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு இல்லை: ஆயர்களுக்குச் சுரம் பழக்க நல்ல ஹார்மோனியம், 40 பேருக்குச் சமைக்கிற பெரிய அண்டா.

காசிமேடு சோப்ரானோ:

அண்டா எங்கள் தெருவில் இருக்கிறது அக்கா, திருநாளுக்கு வைத்திருப்பது. அண்ணன்மாரிடம் சொல்லி மீன்பாடி வண்டியில் ஞாயிறு சாயங்காலமே கொண்டுவந்து இறக்கிவிடுகிறோம். எங்கள் ஃபாதர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அவருக்குப் பறை கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

ஓய்வு பெற்ற ஆயர், பெரம்பூர்:

ஹார்மோனியம் என்னிடம் ஒன்று இருக்கிறது. துருத்தி ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது, மேல் ஸ்தாயியில் ஒரு ரீடு பேசாது. மே மாதத்துக்குள் சரிசெய்து வைக்கிறேன். யாராவது வந்து எடுத்துப்போக வேண்டும், என்னால் இப்போது தூக்க முடியாது.

வியாசர்பாடி பறை:

அய்யா, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தெரு என்று தனியாக அனுப்புங்கள்.